வரலாற்றிடமும் வரலாறு கற்பிப்போரும்: பருத்தி வழி இரண்டு பயிலரங்குகள்

முன்னுரை

பாட்டின் முதற்பொருளை நிலமும் பொழுதும் என இரண்டாக வகுத்தார் தொல்காப்பியர். செய்யுளுக்கு வகுத்த இவ்விரண்டும் வரலாற்றுக்கும் பொருந்துவனவேயாம். நிகழ்ச்சி ஒவ்வொன்றும் ஒரு பொழுதில் நிகழ்ந்தது போலவே ஓரிடத்திலும் நிகழ்ந்தது. ஆயினும் பள்ளிப் பாடநூல்கள் பொழுதைப் போற்றும் அளவிற்கு நிலத்தைப் போற்றுவதில்லை. ஆண்டினைத் தவறின்றிக் கூறுமாறு மாணவர் பயிற்றப்படுகின்றனர். இடமோ படத்தில் ஒரு புள்ளியாகவோ தொடரில் ஒரு பெயராகவோ நின்றுவிடுகின்றது.

இக்குறையை நீக்கும் பொருட்டுப் பள்ளி ஆசிரியர்களை வரலாறு நிகழ்ந்த இடங்களுக்கே வரவழைத்துப் பயிற்றும் முறை பல நாடுகளில் தோன்றியுள்ளது. அவற்றுள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்துவந்த பயிலரங்குகள் ஆராயத்தக்கன. இடத்தை நேரிற் காண்பதால் வரலாற்றறிவு எவ்வாறு திருந்துகின்றது, காட்சி ஒன்றையே நம்பினால் எவ்வாறு பிழைபடுகின்றது என்னும் இரு வினாக்களையும் அங்கு நடந்த இரண்டு பயிலரங்குகளின் இடங்களைக் கொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று பருத்தியை நெய்த ஊர். மற்றொன்று பருத்தியை விளைத்த நிலம்.

1. பயிலரங்கின் அமைப்பு

மானிடப் புலங்களுக்கான தேசிய அறக்கொடை நிறுவனம் 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமெரிக்காவில் நிறுவப்பெற்றது. அடுத்த ஆண்டிலேயே, 1966-இல், வரலாற்றிடங்களைப் பேணுதற்கான சட்டமும் இயற்றப்பெற்றது. அச்சட்டத்தின் வழி, பேணத்தக்க இடங்களின் தேசியப் பதிவேடு உருவாயிற்று. ஆய்வுக்குப் பொருள் தரும் நிறுவனமும் ஆய்தற்குரிய இடங்களின் பட்டியலும் இவ்வாறு ஈராண்டுகளுக்குள் தோன்றின எனினும், அவ்விரண்டும் பள்ளி ஆசிரியரைக் கருதி ஒன்றுசேரப் பல்லாண்டுகள் கழிந்தன.

முதலில் தோன்றிய முயற்சி, இடத்தை வகுப்பறைக்குக் கொண்டுவருவதாக இருந்தது. தேசியப் பூங்காத் துறை, பதிவேட்டிலுள்ள இடங்களின் படங்களையும் வரைபடங்களையும் ஆவணங்களையும் தொகுத்துப் பாடத்திட்டங்களாக வெளியிட்டது. பின்னர், 2002-இல் 'மக்களாகிய நாம்' என்னும் பெயரால் அறக்கொடை நிறுவனம் ஒரு முயற்சியைத் தொடங்கியது. அதன் பகுதியாக, 'அமெரிக்க வரலாற்றுப் பண்பாட்டு நினைவிடங்கள்' என்னும் பயிலரங்குகள் சில ஆண்டுகளுக்குள் நடைபெறலாயின. இம்முறை இடம் வகுப்பறைக்கு வரவில்லை. ஆசிரியரே இடத்திற்குச் சென்றார்.

பயிலரங்கு கோடை விடுமுறையில் ஒரு வாரம் நடைபெறும். பெரும்பாலும் ஒரே பயிலரங்கு இரு வாரங்களில் இருமுறை நடத்தப்பெறும். அண்மை ஆண்டுகளில் ஒருமுறைக்கு 36 ஆசிரியர் வரை சேர்க்கப்பெற்றனர். பல மாநிலங்களிலிருந்தும் வரும் அவர்களுக்குச் செலவுத்தொகை அளிக்கப்பெற்றது. அவர்கள் வருமுன்னரே குறிப்பிட்ட நூல்களைப் படித்துவருவர், பேராசிரியர்தம் உரைகளைக் கேட்பர், ஆவணங்களை ஆய்வர், இடங்களை அறிஞர் துணையோடு காண்பர், இறுதியில் தத்தம் வகுப்பிற்கேற்ற பாடத்திட்டம் ஒன்றை வரைவர். ஆதலின் இதனைச் சுற்றுலா என்றல் பொருந்தாது. சுற்றுலாச் செல்வோர் காண்பதோடு அமைவர். இவர்களோ கண்டதனைப் படித்ததனோடு ஒப்பிட்டு, இரண்டும் மாறுபடுமிடத்தில் நின்று வினவும் கடப்பாடு உடையவராவர்.

2. லோவெல்: இடம் உரைப்பதும் மறைப்பதும்

மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள லோவெல், மெர்ரிமாக் ஆற்றின் கரையில் அமைந்த ஊர். அவ்வாறு பாட்டக்கெட் அருவியில் ஏறத்தாழ 32 அடி வீழ்கின்றது. அவ்வீழ்ச்சியின் ஆற்றலைக் கருதியே பாஸ்டன் நகரச் செல்வர் 1822-இல் இங்கு மெர்ரிமாக் உற்பத்திக் கழகத்தை நிறுவினர். 1826-இல் ஊராகவும் 1836-இல் நகராகவும் லோவெல் அறிந்தேற்கப்பட்டது. பிரித்தானிய ஆலைகளைக் கண்டுவந்து, அமெரிக்காவில் விசைத்தறி அமைக்க வழிகண்ட பிரான்சிஸ் கபாட் லோவெல் 1817-இலேயே மறைந்தார். தம் பெயரால் வழங்கும் ஊரை அவர் கண்டதில்லை.

இவ்வூரின் ஒரு பகுதி 1978-இல் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. அப்பூங்காவும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் லோவெல் கிளையும் இணைந்து, சோங்காஸ் தொழில் வரலாற்று மையத்தின் வழி ஆசிரியர் பயிலரங்குகளை நடத்திவந்தன.

ஆசிரியர் இங்கு முதலில் காண்பது நீரின் வழி. ஏறத்தாழ ஐந்தரை மைல் நீளமுடைய கால்வாய்கள் ஆற்றுநீரைப் பல ஆலைகளுக்கும் பிரித்தளித்தன. நீர் இருமுறை வீழ்ந்து இருமுறை பயன்படுமாறு கால்வாய்கள் இரு மட்டங்களில் வெட்டப்பட்டன. 'நீராற்றலால் ஆலைகள் இயங்கின' என்பது பாடநூலின் ஒரு தொடர். கால்வாயின் ஓரமாக நடப்பவருக்கோ, ஆலைகள் ஏன் நெருங்கி நின்றன, ஏன் பல மாடிகளாக உயர்ந்தன, நீருரிமையைக் கையில் வைத்திருந்த கழகம் ஏன் ஊரையே ஆண்டது என்பன விளங்கும். நிலத்தின் அமைப்பு அதிகாரத்தின் அமைப்பாக மாறியமையை ஆசிரியர் காலால் அளந்தறிகின்றார்.

அடுத்து அவர் காண்பது நெசவுக்கூடம். பூட் பருத்தி ஆலையின் அருங்காட்சியகத்தில் எண்பதுக்கு மேற்பட்ட விசைத்தறிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் சிலவே ஒருங்கு இயங்கும்போதும், காண வருவோர்க்குக் காதடைப்பான் வழங்கப்பெறுகின்றது. 1840 அளவில் இவ்வூர் ஆலைகளில் ஏறத்தாழ 8,000 பேர் உழைத்தனர். அவருட் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்திற்குமேல் அவ்வொலியிடையே அவர்கள் நின்றனர். எழுவதும் உண்பதும் உறங்குவதும் மணியோசையால் வரையறுக்கப்பட்டன. ஊதியக் குறைப்பை எதிர்த்து 1834-இலும், விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து 1836-இலும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சேரா பேக்லி என்னும் பெண்மணியின் தலைமையில் பெண் தொழிலாளர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது. பத்து மணி நேர வேலைநாள் வேண்டி, 1845-இல் அவர்கள் மாநிலச் சட்டமன்றக் குழுமுன் சான்றுரைத்தனர். குழு அவர்களுக்கு இணங்கவில்லை. அம்மாநிலத்தில் பெண்களுக்கும் சிறுவர்க்கும் பத்து மணி நேரச் சட்டம் 1874-இல்தான் வந்தது. மணிநேர அட்டவணைத் தாளை நூலகத்தில் படித்தவருக்கு அது ஒரு பட்டியல். தறியோசையைச் செவியிற் கேட்ட பின்னர்ப் படிப்பவருக்கு அது ஒரு முறையீட்டின் காரணம்.

இவை இடம் உரைப்பன. இனி, இடம் மறைப்பனவற்றைக் காண்போம்.

முதலாவது, அந்நெசவுக்கூடத்தில் இன்று ஒலிக்கும் தறிகள் பேக்லி காலத்தன அல்ல. அவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தனவாகிய டிரேப்பர் தறிகள். எனவே ஆசிரியர் கேட்ட ஓசை 1845-இன் ஓசையன்று. அதனை ஊகித்தறிதற்குரிய ஒரு துணையே. ஓரிடம் ஒரே காலத்தைத் தன்னகத்துக் கொள்வதில்லை. பல்லவர் எடுத்த கோயிலில் சோழர் கல்வெட்டும் நாயக்கர் மண்டபமும் அடுத்தடுத்து நிற்பது போல, ஆலையிலும் பல காலங்கள் அடுக்காக நிற்கின்றன. எது எக்காலத்தது எனப் பகுத்தறியாமல் 'நேரிற் கண்டேன்' என்று கூறுவது ஆய்வாகாது.

இரண்டாவது மறைப்பு இதனினும் பெரிது. செங்கற் சுவர், கால்வாய், தறி, விடுதி ஆகிய அனைத்தையும் கண்டு முடித்தபின்னும் ஒரு வினா எஞ்சும். இப்பருத்தி எங்கிருந்து வந்தது? மாசசூசெட்ஸில் பருத்தி விளைவதில்லை. தென்மாநிலங்களில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள் பறித்த பருத்தியே இங்கு நூலாயிற்று. அன்றியும், இவ்வூரில் நெய்த முரட்டுத்துணியின் ஒரு பகுதி 'நீக்ரோத் துணி' என்னும் பெயரால் மீண்டும் தெற்கே சென்றது. அடிமைகளுக்கு உடையளிக்கத் தோட்ட முதலாளிகள் அதனை வாங்கினர். அத்துணிக்கு 'லோவெல்' என்னும் ஊர்ப்பெயரே வழங்கியமையை, விடுதலை பெற்றோர் பிற்காலத்திற் கூறிய வாய்மொழிகளில் காணலாம். தங்கள் உரிமைக்கு வாதிட்ட பெண்களின் கை நெய்த துணி, உரிமையே அற்றவர் உடலை மூடியது. இவ்வுண்மையைச் சுவர் கூறாது. கணக்கேடும் வாய்மொழியுமே கூறும். ஆகவே இடம் ஆவணத்திற்கு மாற்றாகாது என்பதனை ஆசிரியர் அவ்விடத்திலேயே நின்று உணர்கின்றார். பயிலரங்கில் உரையும் ஆவணமும் காட்சியும் ஒருங்கே வைக்கப்படுவதன் பயன் இதுவேயாகும்.

3. மிசிசிப்பி டெல்டா: இடம் மாற்றப்படுதல்

மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கிலுள்ள டெல்டா என்னும் வண்டல்நிலப் பகுதி பருத்திக்குப் பெயர்பெற்றது. அதன் பெரும்பகுதி உள்நாட்டுப் போருக்குப் பின்னரே காடழித்து விளைநிலமாக்கப்பட்டது. அடிமைமுறை 1865-இல் ஒழிந்த பின்னும், வாரமுறையாலும் கடனாலும் நிலத்தொடு பிணிக்கப்பட்ட கறுப்பின உழவரே அங்குப் பருத்தி விளைத்தனர். அப்பகுதியின் கிளீவ்லந்து நகரிலுள்ள டெல்டா மாநிலப் பல்கலைக்கழகம், டெல்டாவின் இசையையும் வரலாற்றையும் பண்பாட்டையும் பற்றி ஒரு வாரப் பயிலரங்கைப் பலமுறை நடத்தியது. அதில் ஆசிரியர் கண்ட இடங்களுள் ஒன்று சம்னர் என்னும் சிற்றூரின் நீதிமன்றம்.

1955-ஆம் ஆண்டு ஆகத்து 28-ஆம் நாள், சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டிற்கு வந்திருந்த எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் நள்ளிரவில் கடத்திச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். மூன்று நாள் கழித்து அவன் உடல் டல்லஹாச்சி ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது. ராய் பிரையண்ட், ஜே. டபிள்யூ. மைலம் என்னும் ஒருதாய் மக்கள் இருவர்மீதும் வழக்குத் தொடரப்பட்டது. செப்டம்பரில் சம்னரில் நடந்த விசாரணையில், வெள்ளை ஆடவர் மட்டுமே கொண்ட ஜூரி ஏறத்தாழ 67 நிமிடங்களில் இருவரும் குற்றமற்றவர் என முடிவு கூறியது. அடுத்த சனவரியில் அவ்விருவரும் பணம் பெற்றுக்கொண்டு, கொலை செய்ததனைத் தாமே ஒப்புக்கொண்ட செய்தியை 'லுக்' என்னும் இதழ் வெளியிட்டது. ஒருமுறை விடுவிக்கப்பட்டோரை அக்குற்றத்திற்காக மீண்டும் விசாரித்தற்குச் சட்டம் இடந்தரவில்லை.

இவ்வளவும் பாடநூலில் இடம்பெறத்தக்க செய்திகள். இடத்தைப் பற்றிய வினா எழுங்கால்தான் வழக்கின் ஆழம் புலப்படும். கொலை எங்கு நடந்தது? வில்லி ரீட் என்னும் பதினெட்டு வயது இளைஞர், சன்ஃபிளவர் கவுண்டியில் டுரூ என்னும் ஊருக்கு அருகிலுள்ள ஒரு கொட்டகையிலிருந்து அடியோசையும் அலறலும் கேட்டதாக நீதிமன்றத்திற் சான்றுரைத்தார். அக்கொட்டகை மைலத்தின் உடன்பிறந்தான் ஒருவன் மேற்பார்த்த தோட்டத்திலுள்ளது. 'லுக்' இதழின் கட்டுரையிலோ அக்கொட்டகை இல்லை. கொலை வேறிடத்தில் நிகழ்ந்ததாகக் கூறப்பட்டது. கொட்டகையை ஏற்றால் அங்கிருந்த பிறரும் கொலையில் உடந்தையாவர். அவர்கள் வழக்கிற்கு உட்படாதவராதலின், அவர்களை மீண்டும் கூண்டிலேற்ற இயலும். இடத்தை மாற்றியபோது குற்றவாளிகளின் எண்ணிக்கையும் மாறிற்று. சான்றுரைத்த இளைஞரின் சொல் பின்தள்ளப்பட்டது. கொன்றவர் விலைக்கு விற்ற கதை நெடுங்காலம் நூல்களில் வழங்கிற்று. நிலத்தைப் பெயரளவில் மட்டும் கொள்ளும் வரலாறு எத்துணைப் பெரிய அநீதிக்கு இடந்தரும் என்பதற்கு இஃதொரு சான்று.

நினைவுச்சின்னங்களின் நிலையும் கருதத்தக்கது. சம்னர் நீதிமன்றத் திடலில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டணியின் படைவீரனுக்கு 1913-இலேயே சிலை எழுப்பப்பட்டது. டில்லின் பெயர் தாங்கிய பலகை 2007-இல்தான் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள், அவ்வட்டார மக்களின் சார்பில் டில் குடும்பத்தாரிடம் வருத்தம் தெரிவிக்கும் உரை நீதிமன்றத்தின் முன் படிக்கப்பெற்றது. ஆற்றங்கரையில் நட்ட பலகையோ ஒருமுறை பெயர்த்தெறியப்பட்டது. அடுத்தடுத்து வைத்த பலகைகள் துப்பாக்கிக் குண்டுகளால் துளைக்கப்பட்டன. 2019-இல் குண்டு துளையாத எஃகுப் பலகை நிறுத்தப்பட்டது. நிகழ்ச்சிக்குத் தொடக்கமாக இருந்த மணி என்னும் ஊரின் கடை கூரையிழந்து சிதைந்தது. அதன் அருகிலுள்ள பழைய பெட்ரோல் நிலையமோ, குடியுரிமைப் போராட்ட வரலாற்றைப் பேணுதற்குரிய பொதுநிதியைக் கொண்டு புதுப்பிக்கப்பட்டது. 2023 சூலையில் சம்னர் நீதிமன்றமும் ஆற்றங்கரையும் சிகாகோவிலுள்ள தேவாலயமும் சேர்ந்து தேசிய நினைவுச்சின்னமாயின.

இவற்றைக் காணும் ஆசிரியர் 1955-இன் வரலாற்றை மட்டும் கற்பதில்லை. எதைப் பேணுவது, எதைச் சிதையவிடுவது, எதன்மீது சுடுவது என்று ஒரு சமுதாயம் அறுபது ஆண்டுகளாகச் செய்த முடிவுகளின் வரலாற்றையும் கற்கின்றார். லோவெலில் இடம் தானே மறைத்தது. டெல்டாவில் இடம் மறைக்கப்பட்டது. முன்னதற்கு ஆவணம் மருந்து. பின்னதற்குச் சாட்சியின் சொல்லும், அச்சொல்லை இடத்தொடு பொருத்திப் பார்க்கும் துணிவும் மருந்து.

4. எதிர்ப்பும் விடையும்

இப்பயிலரங்குகள் எதிர்ப்பின்றி நடைபெற்றன எனல் இயலாது. 2010-இல் ஹவாய்த் தீவில், பேர்ள் துறைமுகத்தின் நினைவைப் பற்றி நடந்த பயிலரங்கு போர்வீரரின் தியாகத்தைத் தாழ்த்தியது என்று கலந்துகொண்ட ஆசிரியர் ஒருவர் நாடாளுமன்றத்திற்கு முறையிட்டார். நடத்தியோர் அதனை மறுத்தனர். பொதுப்பணத்தால் நடக்கும் பயிலரங்கு நாட்டின் பெருமையை வளர்க்கவேண்டுமா, வினவும் திறனை வளர்க்கவேண்டுமா என்பதே அவ்வழக்கின் உட்பொருள்.

இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகையாக வேண்டுவதில்லை. வீரர் உயிர்நீத்த இடத்தில் நிற்பவர்க்கு வணக்கமும் எழும், வினாவும் எழும். வணக்கத்திற்குரிய இடம் என்பதற்காக வினாவைத் தடுப்பின் அது வழிபாடாகும். வினாவுக்குரிய இடம் என்பதற்காக இறந்தோரை மறப்பின் அது வறட்டுத் தருக்கமாகும். இரண்டையும் ஒருங்கே தாங்கும் பக்குவத்தை மாணவர்க்கு ஊட்டவேண்டியவர் ஆசிரியர். அவர் அதனைத் தாம் முதலிற் பெறுதற்கு ஒரு வாரமேனும் வேண்டாவோ?

மற்றொரு தடையும் உண்டு. ஓர் ஆசிரியரைத் தொலைவிலுள்ள ஊருக்கு அழைத்துச் செல்லும் செலவில் நூறு வகுப்புகளுக்குப் படமும் நூலும் அனுப்பலாமே என்பர். இதற்கு விடை எளிது. நூல் ஒருமுறை படிக்கப்படுகின்றது. ஆசிரியரோ ஆண்டுதோறும் புதிய மாணவர்க்குக் கற்பிக்கின்றார். அவர் பெற்ற ஐயம் ஒன்று அவர் பணியில் இருக்கும் காலமெல்லாம் விளையும். ஆயின் ஒன்றை ஒத்துக்கொள்ளுதல் வேண்டும். வேற்றூர் சென்று கற்ற ஆசிரியர் தம் ஊருக்கு மீண்டு அங்குள்ள பழைய சந்தையையும் சுடுகாட்டையும் ஆலையையும் அக்கண்ணாற் காணாராயின், சென்றதன் பயன் முழுமையாகாது.

2025 ஏப்ரலில், அந்நாட்டு அரசின் முடிவால் இவ்வறக்கொடை நிறுவனம் முன்னரே வழங்கியிருந்த கொடைகளுள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை நிறுத்தப்பட்டன. அக்கோடைக்கென ஏற்பாடாகியிருந்த பயிலரங்குகளும் அவற்றால் தாக்குண்டன. கட்டடங்கள் நிற்கும், ஆவணங்கள் இருக்கும். அவ்விரண்டையும் இணைத்துக் காட்டும் ஆசிரியர் உருவாகும் வழி அடைபடின், லோவெலின் ஆலை மீண்டும் வெறுஞ் செங்கல்லாகும். டுரூவின் கொட்டகை மீண்டும் வெறுங் கொட்டகையாகும்.

முடிவுரை

இவ்வாராய்ச்சி நமக்குத் தொலைவான நாட்டைப் பற்றியதெனினும், அப்பருத்தி நம் நிலத்தையும் தொட்டது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் தென்மாநிலப் பருத்தி வெளிச்செல்லாது தடைப்பட்டது. லோவெலின் பல ஆலைகள் நின்றன. இங்கிலாந்தின் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் நிலத்திலும் பருத்தியின் விலை ஏறிற்று. பின்னர்த் தூத்துக்குடியில் எழுந்த கோரல் ஆலையில், 1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஊதிய உயர்வும் விடுமுறையும் வேண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்க்குத் துணைநின்றனர். லோவெலின் பெண்கள் 1834-இல் எழுப்பிய வினாவும் தூத்துக்குடித் தொழிலாளர் 1908-இல் எழுப்பிய வினாவும் ஓரினத்தனவே. இவ்விரண்டையும் தனித்தனி நாட்டுப் பாடங்களாகக் கற்கும் மாணவர், அவற்றை இணைக்கும் நூலிழையைக் காண்பதில்லை. ஆலையின் வாயிலில் நின்று 'இப்பருத்தி எங்கிருந்து வந்தது, இத்துணி எங்குச் சென்றது' என வினவும் ஆசிரியரே அதனைக் காட்டவல்லார்.

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். இடம் ஒரு சான்று. ஆவணம் இல்லாதவற்றை அஃது உணர்த்தும். இடம் முழுச்சான்றன்று, அதன் பல காலங்களைப் பகுத்தும், அது கூறாதவற்றை ஆவணத்தால் நிரப்பியும் படித்தல் வேண்டும். இடம் மாற்றவும் மறைக்கவும் படும். ஆகவே யார் இவ்விடத்தைக் காட்டுகின்றார், யார் எதனைக் காட்டாது விடுகின்றார் என்னும் வினா எப்போதும் உடன்செல்லுதல் வேண்டும். கோயிற் சுவரிலுள்ள கல்வெட்டைப் பதிப்பு நூலில் மட்டுமன்றிச் சுவரிலும் சென்று படிக்கும் பழக்கமுடைய தமிழாய்வாளர்க்கு இம்மூன்றும் புதியன அல்ல. அப்பழக்கம் ஆய்வாளரோடு நின்றுவிடாமல் பள்ளி ஆசிரியரையும் சென்றடைதல் வேண்டும் என்பதே ஈண்டு வலியுறுத்தப்படுவது. நிலத்தை இழந்த பொழுது வெறும் எண். அதனை மாணவர் மனப்பாடம் செய்வர், மறப்பர். நிலத்தொடு கூடிய பொழுதே வரலாறாகும்.